பாத்திமா: பால்குடி மறக்கச் செய்பவள்

சகோதரி, வ அலைக்குமுஸ் ஸலாம். பெண் பிள்ளை பிறந்து நான்கு நாள் ஆகிறது, ஏழாம் நாள் அகீகா (பிள்ளை பிறந்ததற்காக ஆடு அறுத்துக் கொடுப்பது) கொடுத்துப் பெயர் வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மாமி தன் மாமியாரின் பெயரைப் பேத்திக்கு வைக்க ஆசைப்படுகிறார். அந்தப் பெரியவர் பெயர் பாத்துமுத்து. அதையே 'பாத்திமா' என்று வைத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு. நீங்கள் கைப்பேசியில் பொருள் தேடியிருக்கிறீர்கள். ஒரு தளத்தில் 'ஒளிமயமானவள்', இன்னொன்றில் 'தூய்மையானவள்', மூன்றாவதில் 'பால் மறக்கடிக்கப்பட்டவள்'. தெரிந்தவர் ஒருவர் 'வெட்டி விலக்கப்பட்டவள்' என்று சொல்லிவிட, மனசு கலங்கிப்போய்க் கேட்கிறீர்கள். கூடவே இரண்டு சிறு கேள்விகள்: பக்கத்து வீட்டு அக்கா கிறிஸ்தவர், அவர் பெயர் பாத்திமா மேரி, அது எப்படி? எழுதும்போது ஆய்த எழுத்துப் போட வேண்டுமா?

நாள் குறைவாக இருப்பதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாக வையுங்கள். அந்தப் பெயரில் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது தளம் சரியான இடத்துக்குப் பக்கத்தில் வந்து ஓர் இலக்கணப் பிழை செய்திருக்கிறது. அந்தப் பிழையைத் திருத்திவிட்டால் பொருள் எவ்வளவு அழகானது என்று உங்களுக்கே புரியும். பிள்ளை பெற்றுப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே புரியும்.

அரபுப் பெயர்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகள் கொண்ட வேரிலிருந்து கிளைக்கும். இந்தப் பெயரின் வேர் ஃபா, தா, மீம். நடுவில் உள்ள 'தா' நம் தகரத்தைப் போல மெல்லியது அல்ல. நாக்கின் பின்பகுதியை உயர்த்திக் கனமாகச் சொல்லும் எழுத்து. 'ஃபதம' என்றால் துண்டித்தான், பிரித்தான் என்பது மூலப் பொருள். கயிற்றை அறுப்பதற்கும் மரக்கிளையை வெட்டுவதற்கும் பழைய அரபியில் இந்த வினை வரும். ஆனால் வழக்கில் வேரூன்றியது ஒரே பொருள்தான்: பிள்ளைக்குப் பால்குடி மறக்கடிப்பது. அந்தச் செயலுக்கு 'ஃபிதாம்' என்று பெயர், பால் மறந்த பிள்ளை 'ஃபதீம்'. உங்களிடம் 'வெட்டி விலக்கப்பட்டவள்' என்று சொன்னவர் அகராதியின் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார்.

இனி அந்தப் பிழை. நமக்குப் பழக்கமான சொற்களை வைத்தே பார்க்கலாம். ஆலிம் என்றால் அறிந்தவர், பெண்ணானால் ஆலிமா. ஸாலிஹ் என்றால் நல்லறம் செய்பவர், பெண் ஸாலிஹா. முதல் எழுத்துக்குப் பின் நெடில் வரும் இந்த அச்சு, செயலைச் செய்கிறவரைக் குறிக்கும். செயலுக்கு ஆட்படுகிறவரைக் குறிக்க வேறு அச்சு இருக்கிறது. நாஸிர் என்றால் உதவுகிறவர், மன்ஸூர் என்றால் உதவி பெற்றவர். வேர் ஒன்றுதான், அச்சு மாறினால் ஆள் மாறிவிடுகிறார். 'ஃபாத்திமா' நாஸிர் வகை, மன்ஸூர் வகை அல்ல. ஆக அவள் பால் மறக்கடிக்கப்பட்ட குழந்தை இல்லை. பால்குடி மறக்கச் செய்யும் தாய். 'மறக்கடிக்கப்பட்டவள்' என்று சொல்ல வேண்டுமானால் 'மஃப்தூமா' என்றுதான் வந்திருக்க வேண்டும்.

அரபிகளின் உலகத்தில் இந்தச் சொல் முதலில் எங்கே புழங்கியது என்று பார்த்தால் பொருள் இன்னும் தெளிவாகும். கன்றுக்கு ஒரு வயது நிரம்பிப் பால் மறக்கும் பருவம் வந்துவிட்ட பெண் ஒட்டகத்தை 'ஃபாத்திம்' என்பார்கள். வறண்ட நிலத்தில் ஒரு கன்று ஓராண்டு பிழைத்துக் கிடந்து மேயும் அளவுக்கு வளர்வது சிறிய காரியமில்லை. அந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த தாய்க்கு உரிய சொல் அது. நம் ஊரில் 'பால்குடி மறவாத பிள்ளை' என்று சொல்கிறோமே, அந்தப் பிள்ளையை அந்தப் பருவம் தாண்டிக் கரை சேர்ப்பவள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பால் மறக்கடிப்பதை நாம் சாதாரணமாக நினைத்துவிடுகிறோம். வேப்பிலையை அரைத்துத் தடவிக்கொண்டு, இரண்டு இரவு பிள்ளையோடு சேர்ந்து தானும் அழுதுவிட்டு, மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்து ஊட்டிய தாய்மார்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். குர்ஆன் இதற்கு 'ஃபிஸால்' என்ற வேறு சொல்லைப் பயன்படுத்துகிறது, அதற்கும் பிரித்தல் என்றே பொருள். இரண்டாம் அத்தியாயத்தின் 233ஆம் வசனம் முழுமையாகப் பாலூட்ட நினைப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு என்கிறது. அதற்கு முன்பே நிறுத்துவதானால் தாயும் தந்தையும் ஒருவரோடொருவர் கலந்து பேசி, இருவரும் மனமொத்துச் செய்தால் குற்றமில்லை என்கிறது. பிள்ளை பால் மறப்பதைத் தாயும் தந்தையும் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டிய காரியமாக வைத்திருப்பதைக் கவனியுங்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி வரலாற்று நூல்களில் வரும் ஒரு நிகழ்ச்சியை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். மதீனாவுக்கு வெளியூர் வணிகர்கள் வந்து இரவில் தங்கியிருக்கிறார்கள். உமரும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபும் காவலுக்குப் போகிறார்கள். ஒரு கைக்குழந்தை அழுகிறது. உமர் போய்த் தாயிடம் பிள்ளையைக் கவனிக்கச் சொல்லிவிட்டு வருகிறார். மறுபடி அழுகை, மறுபடி போகிறார். விடிகிற நேரத்தில் மூன்றாம் முறையும் அழுகுரல் கேட்டபோது 'என்ன தாய் நீ' என்று கடிந்துகொள்கிறார். வந்திருப்பது யாரென்று தெரியாமல் அவள் சொல்கிறாள்: பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கப் பார்க்கிறேன், அவன் முரண்டு பிடிக்கிறான். ஏன் இத்தனை அவசரம் என்று கேட்டால், பால் மறந்த பிள்ளைகளுக்குத்தானே உமர் உதவித்தொகை தருகிறார் என்கிறாள். அன்று ஃபஜ்ர் தொழுகையில் உமர் ஓதியது அழுகையினால் யாருக்கும் விளங்கவில்லையாம். தொழுது முடித்ததும், எத்தனை பிள்ளைகளுக்குக் கேடு செய்துவிட்டேன் என்று தன்னையே நொந்துகொண்டு, யாரும் பால் மறக்கடிக்க அவசரப்பட வேண்டாம், பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் பைத்துல்மால் என்ற பொதுக் கருவூலத்தில் இருந்து பங்கு உண்டு என்று அறிவிக்கச் செய்தார்.

அந்த நிகழ்ச்சியில் வரும் வினை உங்கள் மகளின் பெயருக்கு வேரான அதே வினைதான். தாயின் கையில் நிதானமாக நடக்க வேண்டிய ஒன்றை அவசரப்படுத்தியதற்காக ஓர் ஆட்சியாளர் அழுதிருக்கிறார்.

நம் கடற்கரை ஊர்களில், நாயகத்தைப் புகழும் புர்தா என்ற அரபுப் பாடலை ஓதும் வீடுகளில் வளர்ந்திருந்தால், இந்த வினையைப் பொருள் தெரியாமலே பலமுறை கேட்டிருப்பீர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த பூஸீரி அதில் மனித மனத்தைப் பச்சைக் குழந்தைக்கு ஒப்பிடுகிறார். விட்டுவிட்டால் பால் ஆசையோடே வளர்ந்துவிடும், மறக்கடித்தால் மறந்துவிடும் என்பது அந்த அடியின் கருத்து. அங்கே வரும் 'தஃப்திம்ஹு', 'யன்ஃபதிமி' இரண்டும் ஃபாத்திமாவின் உடன்பிறப்புகள்.

பிறந்த பெண் குழந்தைக்கு ஏன் தாயின் செயலைப் பெயராக வைத்தார்கள் என்று கேட்கலாம். பழைய அரபிகள் பெயரை ஒரு நற்சகுனமாக, ஒரு வேண்டுதலாக வைத்தார்கள். இவள் பிழைத்து வளர வேண்டும், மணமுடித்துப் பிள்ளை பெற வேண்டும், அந்தப் பிள்ளையும் பால்குடிப் பருவம் தாண்டி நிலைக்க வேண்டும். இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். பிள்ளைகள் கொத்துக்கொத்தாக இறந்துபோன காலத்தில் இதைவிடப் பெரிய வாழ்த்து என்ன இருக்க முடியும்? ஆயிஷாவும் இதே வகைதான், 'வாழ்பவள்' என்று பொருள். கதீஜாவின் வேர் இன்னும் வியப்பாக இருக்கும்: ஒட்டகம் நாள் நிறையுமுன் ஈனுவதைச் சொல்லும் வினை அது. நாள் நிறையாமல் பிறந்தவள் என்பதுதான் நேர்ப்பொருள். அதைக் கேட்டு யாராவது கதீஜா என்ற பெயரைத் தள்ளிவைக்கிறோமா?

இன்னொரு தவறான எண்ணமும் இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகளுக்காகவே இந்தப் பெயர் உருவானது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு வெகு முன்பே இது அரபு நாட்டில் புழங்கிய பெயர். இஸ்லாத்துக்கு முந்திய பெருங்கவிஞர் இம்ருல் கைஸ் தன் புகழ்பெற்ற நெடும்பாட்டில் காதலியை 'ஃபாத்திம' என்று கடைசி எழுத்தைச் சுருக்கிச் செல்லமாக அழைக்கிறார், ஊடலைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்று கெஞ்சுகிறார். நாயகத்தின் குடும்பத்துக்குள்ளேயே தந்தைவழிப் பாட்டி ஃபாத்திமா பின்த் அம்ர். கதீஜா (ரலி) அவர்களின் தாயாரும் ஒரு ஃபாத்திமா. அலி (ரலி) அவர்களின் தாயார் ஃபாத்திமா பின்த் அஸத், தாயில்லாப் பிள்ளையான நாயகத்தை வளர்த்த கைகளில் அவருடையதும் ஒன்று. உமரின் தங்கை ஃபாத்திமா பின்த் அல்கத்தாப் வீட்டில்தான், தாஹா அத்தியாயத்தை ஓதக் கேட்டு, வாளோடு வந்த உமர் மனம் மாறினார்.

பெயர் இவ்வளவு பெருகியிருந்ததால் அதற்குப் பன்மையே தேவைப்பட்டது. ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் ஒரு செய்தி வருகிறது. நாயகத்துக்கு ஒரு பட்டு ஆடை அன்பளிப்பாக வந்தது. அதை அலியிடம் கொடுத்து, 'ஃபவாத்திம்களுக்கு முக்காடுகளாகக் கிழித்துப் பங்கிடும்' என்றார்கள். ஃபவாத்திம் என்றால் ஃபாத்திமாக்கள். விளக்கவுரை எழுதியவர்கள் நாயகத்தின் மகள், அலியின் தாயார், ஹம்ஸா (ரலி) அவர்களின் மகள் என்று மூவரைச் சொல்கிறார்கள். சிலர் நான்காவதாக ஒருவரையும் சேர்க்கிறார்கள். ஒரு பட்டுத் துணியை ஒரே பெயருள்ள பெண்கள் பங்கிட்டு அணிந்துகொண்ட அந்தக் காட்சி எனக்கு மிகப் பிடிக்கும்.

ஆனால் இந்தப் பெயர் உலகம் முழுவதும் போனதற்குக் காரணம் ஒருவர்தான். நாயகத்துக்கும் கதீஜாவுக்கும் பிறந்த நான்கு பெண் மக்களில் கடைக்குட்டி. குறைஷிகள் கஃபாவைத் திரும்பக் கட்டிய காலத்தில், நபித்துவத்துக்குச் சுமார் ஐந்து ஆண்டு முன்பு பிறந்தார் என்பது சுன்னி மரபு, ஐந்து ஆண்டு பின்பு என்பது ஷியா மரபு. பத்ர் போருக்குப் பிறகு, 624ஆம் ஆண்டு வாக்கில் அலியை மணந்தார். ஹஸன், ஹுஸைன், ஸைனப், உம்மு குல்ஸூம் ஆகியோரைப் பெற்று வளர்த்தார். திரிகையில் மாவரைத்துக் கை காய்த்துப்போய், வேலைக்கு ஓர் ஆள் கேட்டுத் தந்தையிடம் போனார். தந்தை இரவில் மகள் வீட்டுக்கு வந்து, படுக்கப் போகும்போது சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்து லில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 முறை சொல்லுங்கள், அது ஒரு வேலையாளைவிட உங்களுக்கு நல்லது என்று கற்றுக்கொடுத்தார்கள். இன்றும் நம் உம்மாமார்கள் விரலில் எண்ணுகிறார்களே, அது அந்தக் காய்த்த கையிலிருந்து வந்த எண்ணிக்கை. தந்தை மறைந்து ஆறு மாதத்தில், 632ஆம் ஆண்டிலேயே அவரும் மறைந்தார்.

இணையதளங்களின் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அவருக்குச் சிறப்புப் பெயர்கள் பல. ஸஹ்ரா என்றால் ஒளி வீசுபவர். தாஹிரா என்றால் தூயவர். பதூல் என்றால் உலகப் பற்றை அறுத்து இறைவனிடம் ஒதுங்கியவர், மர்யம் (அலை) அவர்களுக்கும் அந்தப் பட்டம் உண்டு. தந்தையைத் தாய் போலப் பார்த்துக்கொண்டதால் 'உம்மு அபீஹா', தன் தந்தைக்குத் தாய் என்றும் ஒரு பெயர். தளங்களில் எழுதுகிறவர்கள் இந்தப் பட்டங்களின் பொருளையெல்லாம் அள்ளி 'ஃபாத்திமா' என்ற சொல்லின் மேல் போட்டுவிடுகிறார்கள். 'ஒளிமயமானவள்' ஸஹ்ராவின் பொருள், 'தூய்மையானவள்' தாஹிராவின் பொருள். நேர்ப்பொருள் போதாதென்று நினைத்து அழகான பொருளாக மாற்றிப் போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு தாயின் செயலைவிட ஒளியும் தூய்மையும் உயர்ந்தவை என்று யார் முடிவு செய்தது?

அவரையும் அவரை நேசிப்பவர்களையும் இறைவன் நரகத்திலிருந்து விலக்கிவிட்டதால் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு செய்தியும் பரவலாக இருக்கிறது. ஷியா மரபில் அதற்கு முக்கிய இடம் உண்டு. சுன்னி ஹதீஸ் ஆய்வாளர்கள் அதன் அறிவிப்பாளர் தொடரை ஏற்பதில்லை. அதை நேசத்தோடு சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். பெயரின் சொற்பொருள் மட்டும் தாய்ப்பாலோடு நிற்கிறது.

இந்தப் பெயர் ஊர் ஊராகப் போனபோது ஒவ்வொரு நாவும் அதைத் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டது. துருக்கியில் ஃபத்மா. சோமாலியாவில் ஃபாதுமோ. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் ஃபத்துமா. மாலியிலும் கினியிலும் ஃபத்தூமத்தா, செனகலிலும் காம்பியாவிலும் அதைச் சுருக்கி ஃபத்தூ. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் தலைமை வழக்குரைஞராக 2012 முதல் 2021 வரை இருந்த ஃபத்தூ பென்சூடா காம்பியாக்காரர். காகசஸ் மலைப்பகுதியில், தாகெஸ்தானில், இது 'பத்திமத்' ஆகிவிட்டது. அங்குள்ள மொழிகளுக்கு 'ஃப' வராததால் பகரம் வந்து உட்கார்ந்துகொண்டது. பல்லாயிரம் கல் தொலைவில் நாமும் அதையேதான் செய்திருக்கிறோம்.

ஃபத்தூமத்தாவிலும் பத்திமத்திலும் கடைசியில் ஒரு தகரம் கேட்கிறதல்லவா? அரபியில் இந்தப் பெயரின் இறுதி எழுத்து தனியாக நிற்கும்போது 'ஆ' போல ஒலிக்கும். அடுத்த சொல்லோடு சேர்த்துச் சொல்லும்போது அதற்குள் ஒளிந்திருக்கும் 'த' வெளியே வந்துவிடும். 'ஃபாத்திமத்துஸ் ஸஹ்ரா' என்று நாமே சொல்கிறோம். உங்கள் கணவரின் வாப்பும்மா (தந்தையின் தாய்) பெயரான பாத்துமுத்துக்கும் இதுதான் திறவுகோல் என்று நினைக்கிறேன். ஃபாத்திமத்து என்பது தமிழ் நாவில் பாத்திமுத்து, பாத்துமுத்து என்று உருண்டு, நமக்குப் பழக்கமான 'முத்து'வில் போய் அழகாக உட்கார்ந்துகொண்டது. முத்துக்குளித்த கடற்கரைச் சமூகத்துக்கு அது எவ்வளவு இயல்பாக வந்திருக்கும்! அந்தப் பெயரைப் 'பழசு', 'கொச்சை' என்று தள்ளிவிடாதீர்கள். இந்தோனேசியாவில் ஃபத்மாவதி என்று ஒருவர் இருந்தார், சுகர்னோவின் மனைவி. 1945 ஆகஸ்ட் 17 அன்று விடுதலை அறிவிப்பின்போது ஏற்றிய கொடியைத் தைத்தவர். ஃபத்மாவோடு நம் 'வதி' சேர்ந்த பெயர் அது. நம் பாத்துமுத்தும் அதைப் போல இரண்டு உலகம் கூடிய பெயர்தான்.

தமிழில் இந்தப் பெயருக்கு நீண்ட வாழ்வு உண்டு. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் பாத்திமா திருமணத்துக்கென்றே தனிப் படலம் பாடியிருக்கிறார். பாத்திமா பீவி, பாத்திமா கனி, பாத்திமா நாச்சியார் என்று வட்டாரத்துக்கு ஒரு வால் சேரும். 'சித்தி பாத்திமா' என்று பெயர் கண்டால் சின்னம்மா என்று நினைத்துவிடாதீர்கள், 'என் தலைவி' என்று பொருள்படும் அரபு மரியாதைச் சொல் அது. மலாய்க்காரர்களும் 'சித்தி ஃபாத்திமா' என்கிறார்கள். இலங்கையில் முஸ்லிம் ஆண்களின் பெயருக்கு முன் முஹம்மது வருவதுபோலப் பெண்களின் பெயருக்கு முன் 'பாத்திமா' வைப்பது பரவலான வழக்கம். வீட்டில் அழைப்பது பின்னால் வரும் பெயரைத்தான். இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக 1989இல் பதவியேற்றவரும் ஒரு ஃபாத்திமா பீவிதான். பத்தனம்திட்டாவில் பிறந்தவர், 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராக இருந்தார்.

பெயர் அரசாண்டதும் உண்டு. 909இல் துனிசியப் பகுதியில் எழுந்து, 969இல் கெய்ரோவை நிறுவி, 1171 வரை ஆண்ட ஃபாத்திமிய்யா கலீஃபாக்கள் தங்களை நாயகத்தின் மகள்வழி வந்தவர்கள் என்றார்கள். ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய பேரரசு வரலாற்றில் அபூர்வம். அவர்கள் கட்டிய அல்அஸ்ஹர் பள்ளிவாசலின் பெயர் ஸஹ்ராவிலிருந்து வந்ததாகவே பொதுவாகச் சொல்வார்கள். மொராக்கோவின் ஃபெஸ் நகரில் 859இல் கரவிய்யீன் பள்ளிவாசலைத் தன் சொத்தைக் கொண்டு கட்டியவர் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி என்கிறது மரபு. அந்தக் கதை பதினான்காம் நூற்றாண்டு நூலில்தான் எழுத்தில் வருகிறது என்பதால் வரலாற்றாளர்கள் சிலர் தயங்குகிறார்கள். ஃபெஸ் மக்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை. ஈரானின் கும் நகரில், ஷியாக்கள் போற்றும் இமாம் ரிளாவின் சகோதரி ஃபாத்திமா மஃஸூமாவின் அடக்கத்தலம் இருக்கிறது. அவர் 816இல் அங்கே மறைந்தார், அந்த நகரமே அவரைச் சுற்றி வளர்ந்தது.

வேதனையான ஒரு பக்கமும் உண்டு. அல்ஜீரியாவைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டபோது, வீட்டு வேலைக்கு வரும் உள்ளூர்ப் பெண்களை, அவரவர் பெயர் எதுவாக இருந்தாலும், 'ஃபத்மா' என்றே கூப்பிட்டார்கள். கோடிக்கணக்கான தாய்மார்கள் ஆசையாக வைத்த பெயரைப் பெயரற்றவர்களுக்கான பெயராக்கிய கொடுமை அது. கண்ணேறு கழிக்க வட ஆப்பிரிக்காவில் மாட்டும் ஐவிரல் சின்னத்தை 'ஃபாத்திமாவின் கை' என்று பரப்பியதும் ஐரோப்பியர் வாய்தான். அங்குள்ள மக்கள் அதைக் 'கம்ஸா', ஐந்து, என்றே சொல்வார்கள்.

இப்போது பாத்திமா மேரிக்கு வருகிறேன். போர்ச்சுகலின் பெரும்பகுதி எட்டாம் நூற்றாண்டு தொடங்கி முஸ்லிம்கள் ஆட்சியில் இருந்தது. லிஸ்பன் 1147இல்தான் கைமாறியது. அந்நாட்டு ஊர்ப் பெயர்களில் இன்றும் அரபு ஒலிக்கிறது. ஔரெம் பகுதியில் உள்ள ஒரு சிற்றூருக்கு ஃபாத்திமா என்று பெயர். போரில் சிறைப்பட்ட ஃபாத்திமா என்ற மூர் (அங்கு வாழ்ந்த முஸ்லிம்) இளவரசி ஒரு வீரரை மணந்து கிறிஸ்தவரானார், அவர் பெயரால் ஊர் அமைந்தது என்பது அங்குள்ள கதை. கதையாகவே அதை எடுத்துக்கொள்ளலாம், பெயர் அரபுப் பெயர் என்பதில் ஐயமில்லை. அந்த ஊரில் 1917 மே 13 முதல் அக்டோபர் 13 வரை, ஆடு மேய்த்த மூன்று சிறார்கள், லூசியா, பிரான்சிஸ்கோ, ஜசிந்தா, மரியன்னையைக் கண்டதாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து கத்தோலிக்கர்களுக்கு அது பெரும் புனிதத் தலம். பிரான்சிஸ்கோவுக்கும் ஜசிந்தாவுக்கும் 2017இல் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அந்த ஊரின் மாதா என்பதால் பாத்திமா அன்னை, அந்த அன்னையின் பெயரால் உங்கள் பக்கத்து வீட்டு அக்கா. மதுரையின் பாத்திமா கல்லூரி முஸ்லிம்கள் நடத்துவது என்று எண்ணும் வெளியூர்க்காரர்கள் உண்டு. அது கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் கல்லூரி. நாயகத்தின் மகள் பெயர் ஐரோப்பாவின் மேற்கு ஓரம் வரை போய், மரியன்னையின் பெயரோடு சேர்ந்து, மறுபடி உங்கள் தெருவுக்கே வந்திருக்கிறது. குர்ஆன் பெயர் சொல்லி அழைக்கும் ஒரே பெண் மர்யம்தான் என்பதை அந்த அக்காவிடம் சொல்லுங்கள், மகிழ்வார்.

எழுத்துக்கூட்டலைப் பொறுத்தவரை 'ஃபாத்திமா', 'பாத்திமா' இரண்டும் சரி. தமிழ் மரபில் பகரம் நூற்றாண்டுகளாக இருக்கிறது, ஆய்தம் பின்னால் வந்த பழக்கம். ஒரு தகரத்தைக் குறைத்து 'பாதிமா' என்று மட்டும் எழுத வேண்டாம். உயிர்களுக்கு நடுவே ஒற்றைத் தகரம் தமிழில் மெலிந்துவிடும், அரபின் அந்தக் கனமான எழுத்துக்கு இரட்டிப்புத்தான் பொருத்தம். பத்துப் பக்கப் பெயராகவும் வைக்காதீர்கள். துணைப்பெயர் சேர்ப்பதானால் ஸஹ்ராவைச் சேர்க்கலாம். அப்போதும் ஒன்றைக் கவனியுங்கள்: ஸஹ்ராவின் பொருள் ஒளி வீசுபவள், ஸுஹ்ரா என்றால் வெள்ளிக்கோள். நம் பக்கத்து 'ஜொஹரா' இரண்டுக்கும் பொதுவாகப் புழங்குகிறது.

பிறப்புப் பதிவுக்கு அவசரமில்லை. பெயர் இல்லாமலே பதிவு செய்துவிட்டு, பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு கட்டணம் கட்டிப் பதினைந்து ஆண்டு வரை சேர்க்கலாம். ஆங்கில எழுத்தில் 'த'வுக்கு ஓர் எழுத்தா இரண்டா, முதலில் எந்த எழுத்து என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, சான்றிதழ், ஆதார், பள்ளி, கடவுச்சீட்டு எல்லாவற்றிலும் அதையே கொடுங்கள். என் அக்கா மகளுக்கு மூன்று ஆவணங்களில் மூன்று விதமாகப் பதிந்துவிட்டு, அவள் வெளிநாடு படிக்கப் போகும்போது பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஏடுகளில் பாத்திமா என்று இருக்கட்டும். வீட்டில் பாத்துமுத்து என்றே கூப்பிடுங்கள். அந்தப் பெரியவர் பெற்றுப் பால் கொடுத்து, மறக்கடித்து, ஆளாக்கிய பிள்ளைகளில் ஒருவர்தான் உங்கள் கணவரின் வாப்பா. அகீகா அன்று மாமியிடம் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.